விருந்தாளியாக வந்தவன் வெற்றியாளனாக நுழைந்தான்
டொலிடோவைக் கைப்பற்றிய மன்னன் ஆறாம் அல்போன்ஸோவின் வரலாறு



ஸ்பெயின் நாட்டின் இஸ்லாமிய வரலாறு என்றவுடன் நம்மில் பலருக்கும் இரண்டு காட்சிகளே நினைவுக்கு வரும். ஒன்று, கி.பி. 711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்து அம்மண்ணில் கால் பதித்த காட்சி. மற்றொன்று, 1492இல் கிரனாடாவின் கடைசி மன்னன் தன் நகரத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய காட்சி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளில் வரலாற்றின் போக்கே மாறிய ஆண்டு எது என்று வினவினால், ஆய்வாளர்கள் பலரும் சுட்டிக்காட்டுவது 1085ஆம் ஆண்டைத்தான். ஹிஜ்ரி 478ஆகிய அவ்வாண்டில், சுமார் 370 ஆண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த டொலிடோ நகரம் கைமாறியது. அரபியர்கள் அந்நகரைத் துலைத்துலா என்று அழைத்தனர்.

அந்நகரைக் கைப்பற்றியவன் லியோன், காஸ்டில் ஆகிய நாடுகளின் கிறிஸ்தவ மன்னன் ஆறாம் அல்போன்ஸோ. அவன் முன்பின் அறியாத ஓர் எதிரியாக அந்நகரின் வாயிலில் வந்து நிற்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், நாடிழந்து நின்ற வேளையில், அதே நகரத்து முஸ்லிம் மன்னனிடம் அடைக்கலம் பெற்று, அவனது விருந்தாளியாக வாழ்ந்தவன் அவன். அம்மன்னனின் வாழ்வையும் போர்களையும் திருமணங்களையும் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நகரம் எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதை அவனது வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மூன்று சகோதரர்கள்

அல்போன்ஸோவின் தந்தை முதலாம் பெர்னாண்டோ, ஸ்பெயினின் வடபகுதியை ஆண்ட வலிமைமிக்க மன்னன். 1065இல் அவன் இறந்தபோது தன் நாட்டை மூன்று மைந்தர்களுக்கும் பங்கிட்டான். மூத்தவன் சாஞ்சோவுக்குக் காஸ்டில், இரண்டாமவன் அல்போன்ஸோவுக்கு லியோன், இளையவன் கார்சியாவுக்குக் கலீசியா என்பது அப்பங்கீடு. நிலங்களோடு மற்றொரு சொத்தும் பங்கிடப்பட்டது. அண்டையில் இருந்த முஸ்லிம் சிற்றரசர்கள் ஆண்டுதோறும் செலுத்தி வந்த கப்பத்தொகையே அது. ஸரகோஸாவின் கப்பம் சாஞ்சோவுக்கும், டொலிடோவின் கப்பம் அல்போன்ஸோவுக்கும், செவில், பதாஹோஸ் ஆகியவற்றின் கப்பம் கார்சியாவுக்கும் எனப் பிரிக்கப்பட்டது. முஸ்லிம்களின் பைத்துல்மால் கிறிஸ்தவ மன்னன் ஒருவனின் பாகப்பிரிவினையில் இடம்பெறும் நிலைக்கு அன்றே தாழ்ந்திருந்தது என்பதை இங்கே கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்நிலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குர்துபாவில் இருந்து ஆட்சி செய்த உமைய்யாக் கிலாஃபத் 1031இல் முற்றிலும் கலைந்து போனது. ஒரே கொடியின் கீழ் இருந்த நாடு, செவில், கிரனாடா, டொலிடோ, ஸரகோஸா, பதாஹோஸ், வலென்சியா எனப் பல துண்டுகளாகச் சிதறியது. இச்சிற்றரசர்களையே வரலாறு முலூக்குத் தவாயிஃப், அதாவது பிரிவினை மன்னர்கள் என்று அழைக்கிறது. அவர்களுள் கவிஞர்கள் இருந்தனர். கல்வியைப் போற்றியவர்கள் இருந்தனர். அழகிய மாளிகைகளைக் கட்டியவர்கள் இருந்தனர். ஒற்றுமை மட்டும் அவர்களிடம் இல்லை.

கிறிஸ்தவச் சகோதரர்களிடமும் ஒற்றுமை இருக்கவில்லை. பங்கீட்டில் மனம் நிறைவடையாத சாஞ்சோ தம்பியர் மீது படையெடுத்தான். 1072 ஜனவரியில் கோல்பெஹேரா என்னுமிடத்தில் நடந்த போரில் அல்போன்ஸோ தோற்றுச் சிறைப்பட்டான். பின்னர் உயிர் தப்பி நாட்டைவிட்டு வெளியேறினான். அவன் சென்று சேர்ந்த இடம் டொலிடோ.

டொலிடோவில் அடைக்கலம்

அப்போது டொலிடோவை ஆண்டவன் துன்னூன் குலத்தைச் சேர்ந்த மன்னன் அல்-மஃமூன். 1043 முதல் 1075 வரை நீண்ட காலம் ஆட்சி செய்தவன். அவனது காலத்தில் டொலிடோ கல்வியிலும் கைத்தொழிலிலும் சிறந்து விளங்கியது. உலகச் சமுதாயங்களின் அறிவு வரலாற்றை எழுதிய காழி ஸாஇத் அந்தலூஸி அவர்கள் வாழ்ந்த நகரம் அது. வானியல் கருவிகளைச் செய்வதில் ஈடிணையற்றவராகத் திகழ்ந்த அஸ்-ஸர்காலி அவர்கள் கோள்களின் இயக்கத்தைக் கணித்ததும் அந்நகரில்தான்.

நாடிழந்து வந்த கிறிஸ்தவ இளவரசனை மஃமூன் கண்ணியமாக வரவேற்றான். தங்குவதற்கு இடமும் உரிய மரியாதையும் அளித்தான். அல்போன்ஸோவுடன் பெட்ரோ அன்சூரஸ் என்ற அவனது நெருங்கிய பிரபுவும் இருந்தான். சில மாதங்கள் அவர்கள் அங்கே கழித்தனர். நகரின் மதில்கள், மூன்று புறமும் அதைச் சூழ்ந்தோடும் தாஹோ ஆறு, பாலங்கள், வாயில்கள், சுற்றிலும் இருந்த வயல்கள் அனைத்தையும் விருந்தாளி கண்ணாரக் கண்டான்.

இதைப் பற்றிப் பிற்காலத்துக் கிறிஸ்தவ வரலாற்று நூல்கள் ஒரு கதையைச் சொல்கின்றன. ஒருநாள் தோட்டத்தில் மஃமூன் தன் அவையினருடன் அமர்ந்து, இந்நகரை எவராவது கைப்பற்ற முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தானாம். சில ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சலை அழித்து உணவு வரத்தைத் தடுத்தால் முடியும் என்று ஒருவர் கூறினாராம். அருகே மரநிழலில் அல்போன்ஸோ படுத்திருப்பதை அதன் பின்னரே அவர்கள் கண்டனர். அவன் உண்மையில் உறங்குகிறானா என்பதைச் சோதிக்க, உருக்கிய ஈயத்தை அவன் கையில் ஊற்றினார்கள் என்று அக்கதை முடிகிறது. இது புனைவாகவே இருக்கலாம். ஆயினும் பின்னாளில் டொலிடோ எவ்வழியில் வீழ்ந்ததோ, அவ்வழியை இக்கதை சரியாகவே சொல்லியிருக்கிறது.

1072 அக்டோபர் 7ஆம் நாள், ஸமோரா நகரை முற்றுகையிட்டிருந்த சாஞ்சோ கொலையுண்டான். செய்தி கிடைத்ததும் அல்போன்ஸோ நாடு திரும்பினான். புறப்படும் முன் மஃமூனுடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டான். தாயகம் திரும்பியவன் லியோனையும் காஸ்டிலையும் ஒருசேரப் பெற்றான். மறு ஆண்டே தம்பி கார்சியாவைப் பேச்சுவார்த்தைக்கென வரவழைத்துச் சிறைப்பிடித்தான். கார்சியா பதினேழு ஆண்டுகள் சிறையிலேயே இருந்து 1090இல் அங்கேயே மடிந்தான். உடன்பிறந்தவனிடம் இவ்வாறு நடந்துகொண்ட அல்போன்ஸோ, தனக்கு அடைக்கலம் தந்த மஃமூனிடம் மட்டும் வாக்குத் தவறவில்லை. மஃமூன் உயிரோடிருந்த காலம்வரை அவன் டொலிடோவைத் தாக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுவதே வரலாற்று நேர்மையாகும்.

கப்பம் எனும் ஆயுதம்

அல்போன்ஸோவின் உண்மையான படைக்கலம் வாளன்று, கப்பமே. அவன் ஒரு முஸ்லிம் சிற்றரசனை மற்றொருவனிடமிருந்து காப்பதாகக் கூறிப் பணம் பெறுவான். பின்னர் அந்த மற்றொருவனிடமும் அதே வாக்கைக் கூறிப் பணம் பெறுவான். இருவரும் வலுவிழந்த பின் இருவரின் கோட்டைகளும் அவனுக்கே உரியவை.

இது நாம் கட்டிக் கூறும் குற்றச்சாட்டல்ல. அக்காலத்தில் கிரனாடாவை ஆண்ட மன்னன் அப்துல்லாஹ் இப்னு புலுக்கீன் ஆட்சியை இழந்து மொரோக்கோவின் அக்மாத் நகரில் வாழ்ந்த நாட்களில் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதி வைத்தான். அத்-திப்யான் என்று அறியப்படும் அந்நூலின் கையெழுத்துப் பிரதி, இருபதாம் நூற்றாண்டில் ஃபாஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளிவாசலின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில், அல்போன்ஸோவின் தூதனாக வந்த சிஸ்நாந்தோ தன்னிடம் ஒளிவுமறைவின்றிப் பேசியதை அப்துல்லாஹ் பதிவு செய்துள்ளான். உங்களைக் காலப்போக்கில் பலவீனப்படுத்துவதே எங்கள் திட்டம். பணமும் ஆளும் உங்களிடம் இல்லாது போகும் நாளில் இந்நாடு எங்கள் கைக்குத் தானாக வந்துவிடும் என்பதே அத்தூதனின் பேச்சின் சாரம். அதைக் கேட்ட பின்னரும் அப்துல்லாஹ் ஆண்டுக்கு 10,000 பொற்காசுகள் செலுத்த இசைந்தான். செலுத்தாவிட்டால் அதே கிறிஸ்தவப் படையைச் செவில் மன்னன் தன்மீது ஏவிவிடுவான் என்ற அச்சமே காரணம்.

இப்பொன் எங்கே சென்றது? பிரான்சு நாட்டின் குளூனி என்னுமிடத்தில் புகழ்பெற்ற கிறிஸ்தவத் துறவியர் மடம் ஒன்று இருந்தது. பெர்னாண்டோ அம்மடத்திற்கு ஆண்டுதோறும் 1,000 பொற்காசுகள் அளித்து வந்தான். 1077இல் அல்போன்ஸோ அதை 2,000 ஆக உயர்த்தினான். 1088இல் அம்மடத்தார் கட்டத் தொடங்கிய பெரும் தேவாலயம், பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ உலகின் மிகப்பெரிய தேவாலயமாக விளங்கியது. அதன் கற்களுக்குக் கூலியாகச் சென்ற பொன்னில் ஒரு பகுதி, அந்தலூஸின் முஸ்லிம் விவசாயியும் வணிகனும் செலுத்திய வரிப்பணமே. மார்க்கம் அனுமதிக்காத வரிகளைச் சிற்றரசர்கள் மக்கள் மீது சுமத்தினார்கள். ஆலிம்கள் கண்டித்தார்கள். மக்கள் வெறுப்புற்றார்கள். அரசனுக்கும் குடிகளுக்கும் இடையே இருந்த பிணைப்பு அறுந்தது.

1082இல் செவில் மன்னன் அல்-முஃதமித் செலுத்திய கப்பத்தின் நாணயம் தரம் குறைந்தது என்று கூறி அல்போன்ஸோவின் தூதன் வாங்க மறுத்தான். வாக்குவாதம் முற்றி அத்தூதன் கொல்லப்பட்டான். சினமுற்ற அல்போன்ஸோ செவில் நாட்டை நெடுகச் சூறையாடிக்கொண்டு தென்கோடியில் உள்ள தரீஃபா கடற்கரை வரை சென்றான். அங்கே குதிரையோடு அலைகளுக்குள் இறங்கி, ஸ்பெயினின் எல்லையைத் தான் தொட்டுவிட்டதாகப் பெருமிதம் கொண்டான் என்று எழுதியுள்ளனர். அவனைத் தடுத்து நிறுத்த ஒரு முஸ்லிம் படையும் முன்வரவில்லை.

டொலிடோ வீழ்ந்த விதம்

1075இல் மஃமூன் இறந்தான். அவனது பேரன் அல்-காதிர் அரியணை ஏறினான். இவன் ஆற்றலற்றவன், பிறர் சொல்லுக்கு எளிதில் ஆட்படுபவன். பாட்டனாரின் நம்பிக்கைக்குரிய ஆலோசகராக இருந்த இப்னுல் ஹதீதி இவனது ஆட்சியின் தொடக்கத்திலேயே படுகொலை செய்யப்பட்டார். நகரத்துப் பெருமக்கள் இரு அணிகளாகப் பிளந்தனர். ஓர் அணி அல்போன்ஸோவுக்குக் கப்பம் கட்டி அமைதியாக இருப்போம் என்றது. மற்றோர் அணி அண்டை முஸ்லிம் மன்னர்களின் துணையை நாடுவோம் என்றது. கிளர்ச்சி மூண்டது. காதிர் நகரைவிட்டு ஓடினான். பதாஹோஸ் மன்னன் அல்-முதவக்கில் வந்து சில மாதங்கள் ஆண்டான்.

ஓடிய காதிர் யாரிடம் சென்று முறையிட்டான் தெரியுமா? அல்போன்ஸோவிடம்தான். தன் சொந்தக் குடிகளை அடக்கித் தன்னை மீண்டும் அரியணையில் அமர்த்தும்படி வேண்டினான். அல்போன்ஸோ இசைந்தான். விலையாகச் சில கோட்டைகளும் பெரும் பணமும் பெற்றான். காதிர் மீண்டும் அரசனானான். ஆனால் மக்கள் அவனை மன்னிக்கவில்லை. இறுதியில், டொலிடோவை விட்டுக்கொடுத்தால் அதற்கு ஈடாக வலென்சியாவைப் பெற்றுத் தருவதாக ஏற்பாடாயிற்று.

காதிருக்கு உடன்படாத நகரமக்கள் எதிர்த்து நின்றனர். 1084இல் முற்றுகை இறுகியது. ஆண்டுதோறும் விளைச்சல் அழிக்கப்பட்டதால் நகரத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை அந்தலூஸின் இலக்கிய வரலாற்றாசிரியர் இப்னு பஸ்ஸாம் அவர்கள் தமது தகீரா என்னும் நூலில் கூறுகிறார்கள். நகரத்துப் பிரதிநிதிகள் சிலர் அல்போன்ஸோவின் கூடாரத்திற்குச் சென்றனர். பிற முஸ்லிம் மன்னர்களின் உதவி எங்களுக்கு வரும் என்று அவர்கள் கூறினர். அல்போன்ஸோ விவாதம் செய்யவில்லை. அம்மன்னர்களின் தூதர்களையே அவர்கள் முன் வரவழைத்துக் காட்டினான். அத்தூதர்கள் கப்பப் பணத்தையும் காணிக்கைகளையும் சுமந்துகொண்டு, மன்னனைக் காண முறைக்காகக் காத்து நின்றிருந்தார்கள். டொலிடோவின் பிரதிநிதிகள் ஒரு சொல்லும் பேசாது திரும்பினர்.

1085 மே 6ஆம் நாள் நகரம் சரணடைந்தது. மே 25ஆம் நாள் அல்போன்ஸோ உள்ளே நுழைந்தான். பெரும் இரத்தக்களரி எதுவும் இல்லை. காரணம், எழுத்துமூலமான உடன்படிக்கை இருந்தது. முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு. வெளியேற விரும்புவோர் தம் பொருட்களுடன் செல்லலாம். தங்குவோர் முன்பு செலுத்திய வரியையே செலுத்தலாம். நகரின் ஜும்ஆப் பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும். அரண்மனையும் அரசத் தோட்டமும் மன்னனுக்கு. இவையே அதன் முக்கிய விதிகள்.

அரசியும் பள்ளிவாசலும்

இங்கேதான் அல்போன்ஸோவின் திருமணம் வரலாற்றில் குறுக்கிடுகிறது. அவனது முதல் மனைவி, பிரான்சு நாட்டு அக்குவிட்டேன் பிரபுவின் மகள் ஆக்னஸ். அம்மணவாழ்வு மக்கட்பேறின்றி முடிந்தது. 1079இன் இறுதியில் அவன் கான்ஸ்டன்ஸ் என்பவளை மணந்தான். இவள் பர்கண்டிப் பிரபுவின் மகள். முன்னர் சொன்ன குளூனி மடத்தின் தலைவர் ஹியூவின் உடன்பிறந்தாள் மகள். இத்திருமணத்தோடு பிரெஞ்சுத் துறவிகளும் வீரர்களும் பிரபுக்களும் ஸ்பெயினுக்குள் வந்து சேர்ந்தனர். முஸ்லிம்களுடன் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அனுபவம் அவர்களுக்கு இல்லை. ஸ்பெயின் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றி வந்த வழிபாட்டு முறையைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1080இல் பர்கோஸ் நகரில் கூடிய சபை அதை நீக்கி, ரோமாபுரியின் முறையை நாடெங்கும் விதித்தது.

வென்ற நகரின் நிர்வாகத்தை அல்போன்ஸோ முதலில் சிஸ்நாந்தோவிடம் ஒப்படைத்திருந்தான். அரபு மொழி அறிந்தவன். செவில் அரசவையில் முன்பு பணியாற்றியவன். முஸ்லிம்களிடம் மென்மையாக நடந்துகொள்ளுங்கள், இவர்களை விரட்டிவிட்டால் இந்நிலத்தை உழுவதற்கு ஆளிராது என்பது அவன் கூறிய ஆலோசனை. ஆனால் பேராயர் பதவி குளூனித் துறவியான பெர்னார்டுக்குச் சென்றது.

பின்னர் நடந்ததைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் டொலிடோ பேராயர் ரொட்ரிகோ இவ்வாறு எழுதியுள்ளார். மன்னன் வெளியூர் சென்றிருந்த வேளையில், அரசி கான்ஸ்டன்ஸின் தூண்டுதலால் பெர்னார்ட் வீரர்களுடன் இரவில் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் புகுந்தார். பலிபீடம் எழுப்பப்பட்டது, மினாராவில் மணி கட்டப்பட்டது. செய்தி அறிந்த மன்னன் தன் வாக்கு முறிக்கப்பட்டதே என்று கடுஞ்சினத்துடன் விரைந்து வந்தான். அரசியையும் பேராயரையும் தண்டிப்பேன் என்று சூளுரைத்தான். நகரத்து முஸ்லிம்கள் ஊருக்கு வெளியே வந்து அவனைச் சந்தித்தனர். நீதி கேட்க அவர்கள் வரவில்லை. அவ்விருவரையும் மன்னித்துவிடும்படி மன்றாட வந்திருந்தனர்! எங்கள் பொருட்டு அவர்கள் தண்டிக்கப்பட்டால் நாளை அவர்களின் உறவினர்கள் எங்களைப் பழிதீர்ப்பார்கள் என்பதே அவர்கள் கூறிய காரணம். மன்னன் சினம் தணிந்தான். அன்று மன்னிப்பு வேண்டிய முஸ்லிம் ஃபகீஹ் ஒருவருக்கு டொலிடோ பேராலயத்தின் பிரதான பகுதியில் சிலையே வைத்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் பள்ளிவாசல் திரும்பக் கிடைத்ததா? இல்லை. 1086 டிசம்பர் 18ஆம் நாளிட்ட சாசனம் ஒன்றில், பள்ளிவாசலாக இருந்த அவ்விடத்தைத் தேவாலயமாக அர்ப்பணித்து, அதற்குக் கிராமங்களை மானியமாக வழங்கியவன் இதே அல்போன்ஸோதான். நகரம் சரணடைந்து இருபது மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பள்ளிவாசலைப் பறிக்க ஆணையிட்டவன் மன்னனே என்று இப்னு பஸ்ஸாம் கூறுகிறார். ஆணையிட்டவர் அரசியோ மன்னனோ, உடன்படிக்கை உடைந்தது உண்மை. அதன் பலனை மன்னன் ஏற்றுக்கொண்டதும் உண்மை.

அப்பள்ளிவாசலின் கடைசி நாளைப் பற்றி அரபு நூல்கள் ஒரு காட்சியைப் பதிவு செய்துள்ளன. அல்-மகாமி என்னும் முதுபெரும் ஆலிம் அன்று அங்கே சென்று தொழுதார்கள். தம் மாணவரைக் குர்ஆன் ஓதச் சொல்லி அமர்ந்து கேட்டார்கள். கைப்பற்ற வந்த வீரர்கள் சுற்றிலும் கூடிவிட்டனர். ஆயினும் அவர்களில் ஒருவரும் அப்பெரியவரைத் தடுக்கத் துணியவில்லை. ஓதல் முடிந்ததும் அவர்கள் ஸுஜூதில் வீழ்ந்து அழுதார்கள். பின்னர் எழுந்து வெளியேறினார்கள். அதன் பிறகு அங்கே தொழுகை நடைபெறவில்லை.

ஸல்லாக்கா

டொலிடோவின் வீழ்ச்சி ஏனைய சிற்றரசர்களை உலுக்கியது. கப்பம் கட்டினாலும் காப்பு இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. மொரோக்கோவில் முராபித்தூன்களின் ஆட்சியை நிறுவியிருந்த அமீர் யூசுஃப் இப்னு தாஷிஃபீன் அவர்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. அவர் வந்தால் உம் அரியணையே போய்விடும் என்று எச்சரித்தவர்களிடம், காஸ்டிலில் பன்றி மேய்ப்பதைவிட ஆப்பிரிக்காவில் ஒட்டகம் மேய்ப்பதே மேல் என்ற பொருளில் முஃதமித் மறுமொழி கூறியதாகச் சொல்வர்.

ஹிஜ்ரி 479 ரஜப் 12ஆம் நாள், 1086 அக்டோபர் 23 வெள்ளிக்கிழமை, பதாஹோஸ் அருகே ஸல்லாக்கா வெளியில் இரு படைகளும் மோதின. தொடக்கத்தில் அல்போன்ஸோவின் குதிரைப்படை அந்தலூஸ் படைகளைச் சிதறடித்தது. முஃதமித் காயங்களுடன் களத்தில் உறுதியாக நின்றான். யூசுஃப் அவர்கள் தம் படையின் ஒரு பகுதியைப் பின்புறமாகச் செலுத்தி எதிரியின் பாசறையைத் தாக்கினார்கள். அல்போன்ஸோ படுதோல்வியுற்றான். காலில் காயத்துடன் சிலரோடு இருளில் தப்பினான்.

ஆனால் அவ்வெற்றி முழுமை பெறவில்லை. மகன் இறந்த செய்தி எட்டியதால் யூசுஃப் அவர்கள் மொரோக்கோ திரும்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர்கள் சென்றதும் சிற்றரசர்கள் பழைய பகையைத் தொடர்ந்தனர். மூன்றாண்டுக் கப்ப பாக்கியாக 30,000 பொற்காசுகளை அப்துல்லாஹ் மீண்டும் அல்போன்ஸோவுக்கே அனுப்பினான். இதைக் கண்ட ஆலிம்கள், இவர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று மார்க்கத் தீர்ப்பு வழங்கினர். 1090இல் கிரனாடாவும், 1091இல் குர்துபாவும் செவிலும் முராபித்தூன்களின் கைக்கு வந்தன. அப்துல்லாஹ்வும் முஃதமிதும் அக்மாத்துக்கு நாடு கடத்தப்பட்டனர். முஃதமித் 1095இல் அங்கேயே வறுமையில் இறந்தான். வலென்சியாவைப் பெற்ற காதிரோ 1092இல் தன் குடிகளின் கிளர்ச்சியில் கொல்லப்பட்டான்.

ஸைதா

இக்குழப்பத்தின் நடுவே அல்போன்ஸோவின் வாழ்வில் மற்றொரு பெண் நுழைகிறாள். அவள் பெயர் ஸைதா. முஃதமிதின் மருமகள், குர்துபாவை ஆண்ட அவனது மகன் ஃபத்ஹ் அல்-மஃமூனின் மனைவி. 1091 மார்ச் மாதம் முராபித்தூன்கள் குர்துபாவைக் கைப்பற்றியபோது கணவன் கொல்லப்பட்டான். யூசுஃபை அழைத்த அதே முஃதமித், இப்போது யூசுஃபுக்கு எதிராக அல்போன்ஸோவின் உதவியை நாடியிருந்தான். இச்சூழலில் ஸைதா அல்போன்ஸோவின் அரண்மனையைச் சேர்ந்தாள். அங்கே கிறிஸ்தவ மதத்தை ஏற்று இசபெல் என்று பெயர் பெற்றாள்.

கிறிஸ்தவ நூல்கள் நெடுங்காலம் இவளை முஃதமிதின் மகள் என்றே எழுதி வந்தன. இப்னு இதாரி என்ற வரலாற்றாசிரியரின் அரபு நூல்தான் இவள் மருமகள் என்ற உண்மையை வெளிப்படுத்தியது. இவள் முறைப்படி மணந்த அரசியா, இல்லையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1093இல் கான்ஸ்டன்ஸ் இறந்த பின் அல்போன்ஸோ பெர்த்தா, இசபெல், பியாட்ரிஸ் என மேலும் மூவரை அடுத்தடுத்து மணந்தான். இதில் வரும் இசபெல்லும் ஸைதாவும் ஒருவரே என்பர் சிலர். வேறு வேறு என்பர் வேறு சிலர்.

ஐந்து முறை மணம் செய்தும் அல்போன்ஸோவுக்கு வாய்த்த ஒரே ஆண்மகன் ஸைதா பெற்ற சாஞ்சோதான். நாட்டின் வாரிசாக அறிவிக்கப்பட்டவனும் அவனே. 1108 மே மாதம் உக்லேஸ் கோட்டையருகே, யூசுஃப் அவர்களின் மகன் தமீமின் தலைமையில் வந்த முராபித்தூன் படையை எதிர்கொள்ள, பதினைந்து வயதுகூட நிரம்பாத அச்சிறுவன் அனுப்பப்பட்டான். அல்போன்ஸோவின் படை தோற்றது. சாஞ்சோ கொல்லப்பட்டான். அந்தலூஸ் அரச குடும்பத்துப் பெண்ணின் மகன், காஸ்டிலின் கொடியின் கீழ், முஸ்லிம் படையின் கையால் மடிந்தான். போர்க்களத்தின் கோடுகள் மனித வாழ்வின் ஊடே எவ்வளவு குறுக்கும் நெடுக்குமாக ஓடின என்பதற்கு அச்சிறுவனின் வாழ்வே சான்று.

இறுதி நாட்கள்

மகனின் மரணம் மன்னனை முறித்துவிட்டது. 1109ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவன் டொலிடோவிலேயே இறந்தான். உடல் சஹாகூன் மடத்தில் அடக்கப்பட்டது. லியோனின் மன்னனாகி நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. கான்ஸ்டன்ஸ் பெற்ற மகள் உர்ராக்கா அரியணை ஏறினாள். மற்றொரு மகளான தெரேசாவைக் கான்ஸ்டன்ஸின் சகோதரர் மகன் ஹென்றி மணந்திருந்தான். அவர்களின் மகனே போர்ச்சுகலின் முதல் மன்னன் ஆனான். போர்க்களங்களில் பலமுறை தோற்ற அல்போன்ஸோ, டொலிடோவை மட்டும் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. முராபித்தூன்கள் பின்னர் முற்றுகையிட்டும் அது முஸ்லிம்களின் கைக்கு மீளவே இல்லை.

ஆயினும் நகரத்தின் அரபு முகம் உடனே மறைந்துவிடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் டொலிடோவின் கிறிஸ்தவர்களே நிலம் விற்கவும் வாங்கவும் எழுதிக்கொண்ட அரபுப் பத்திரங்கள் ஆயிரத்துக்கு மேல் இன்றும் கிடைக்கின்றன. அங்கிருந்த அரபு நூல்களை மொழிபெயர்த்துத்தான் ஐரோப்பா மருத்துவமும் வானியலும் கணிதமும் கற்றது. அஸ்-ஸர்காலி அவர்களோ முன்னரே நகரைவிட்டு வெளியேறி அந்தலூஸின் தென்பகுதியில் குடியேறிவிட்டார்கள். அறிஞர்கள் சென்றனர், நூல்கள் தங்கின.

நமக்குரிய படிப்பினை

சகோதரர்களே! டொலிடோவின் மதில் உயரமானது. ஆறு ஆழமானது. அதன் செல்வத்திற்கும் கல்விக்கும் குறைவில்லை. அந்நகரை உள்ளிருந்து திறந்துவிட்டவை மூன்று. நகரத்துப் பெருமக்கள் இரண்டு அணியாகப் பிளந்தது முதலாவது. தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கை வெளியாரிடம் எடுத்துச் சென்றது இரண்டாவது. பொதுப்பணத்தை மக்களின் நலனுக்குச் செலவிடாமல் பதவியைக் காப்பதற்குச் செலவிட்டது மூன்றாவது. அல்போன்ஸோ கூர்மதியுள்ளவன். அவன் செய்ததெல்லாம் இம்மூன்று பிளவுகளையும் கண்டு, பொறுமையுடன் காத்திருந்ததுதான்.

உடன்படிக்கையைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. மஃமூனுக்குத் தந்த வாக்கை அல்போன்ஸோ காத்தான். காரணம், அன்று டொலிடோவில் ஒரு வலிமையான தலைமை இருந்தது. பள்ளிவாசலைப் பற்றித் தந்த வாக்கு இருபது மாதங்களுக்குள் மறைந்தது. காரணம், அதைக் கேட்டுப் பெற எவரும் இல்லை. வாக்கைக் காப்பது நம் மார்க்கக் கடமை. தனக்குத் தரப்பட்ட வாக்கு காக்கப்படும் அளவுக்கு ஒரு சமுதாயம் ஒன்றுபட்டு நிற்பதும் அதன் கடமையே.

இன்றும் டொலிடோவுக்குச் செல்வோர் சிறியதொரு செங்கல் கட்டடத்தைக் காணலாம். பாபுல் மர்தூம் வாயிலருகே கட்டப்பட்ட பழைய பள்ளிவாசல் அது. பின்னர் அது தேவாலயமாக மாற்றப்பட்டது. அதன் முகப்பில் செங்கற்களாலேயே அமைந்த கூஃபி எழுத்துக்கள் இன்னும் அழியாதிருக்கின்றன. அஹ்மத் இப்னு ஹதீதி என்பவர் இறைவனின் நற்கூலியை நாடித் தம் சொந்தப் பணத்தில் இப்பள்ளிவாசலைக் கட்டினார் என்றும், ஹிஜ்ரி 390 முஹர்ரமில் அது நிறைவுற்றது என்றும் அவை கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயர் நிற்கிறது. அங்கே தொழுத ஜமாஅத்தான் இல்லை.

கட்டடம் எழுப்புவது எளிது. அதனுள் ஸஃபாக இணைந்து நிற்கும் ஜமாஅத்தைக் காப்பதே கடினம். அந்தக் கடினமான பணியில் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஒன்றுபடுத்தி வைப்பானாக! ஆமீன்.